பழைய ஊர்ச் செய்திகள்



சென்ற கோடையில், தில்லியில் நான் குடியிருக்கும் வீட்டிற்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். அதனால் தட்டுமுட்டுச் சாமான்கள் யாவற்றையும் கூடத்தின் நடுவே கொண்டுவந்து குவிக்க நேர்ந்தது. அவற்றுள் என் பாட்டனார் காலத்துத் தகரப் பெட்டி ஒன்று. துடைப்பதற்காக அதைக் கவிழ்த்தபோது, அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாள் கையோடு வந்துவிட்டது. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு எறிந்துவிடலாம் என்றுதான் பிரித்தேன். வெள்ளையடித்தவர்கள் வேலையை முடித்துக்கொண்டு கூலிக்காக எதிரே வந்து நின்றபோதுதான் தலையை நிமிர்த்தினேன்.

முதற்பக்கம் என்னை இழுத்து நிறுத்தவில்லை. அமைச்சர்கள் பேசியவையும் வல்லரசுகள் முறைத்துக்கொண்டவையும் அங்கே இருந்தன. அவையெல்லாம் வரலாற்று நூல்களில் ஏறிவிட்டன. வேண்டும்போது அங்கே பார்த்துக்கொள்ளலாம். என்னைப் பிடித்து வைத்தவை, உட்பக்கத்தின் கீழ்க்கோடியில் நான்கு நான்கு வரிகளாக ஒண்டிக்கொண்டிருந்த ஊர்ச் செய்திகள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு முறையீடு. விளக்கில்லாமல் சைக்கிளில் சென்றவர்களுக்கு அபராதம். சந்தையில் உருளைக்கிழங்கின் விலை. பஸ்ஸில் ஒருவர் குடையை மறந்துவிட்டு இறங்கிப் போன செய்தி. அந்தக் குடை உரியவருக்குக் கிடைத்ததா என்பதை மறுநாள் தாளில் அல்லவா பார்க்க வேண்டும்? மறுநாள் தாளோ, எவர் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கிறதோ!

அன்று தொட்டு, நூலகத்திற்குச் சென்றால் பழைய தாள்களின் உட்பக்கங்களைப் புரட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. நம் நாட்டு மக்கள் பல பத்தாண்டுகளாக எவற்றைப் பற்றிச் சண்டையிட்டார்கள், எவற்றைக் கண்டு அஞ்சினார்கள், எவற்றை நம்பினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை நினைத்துச் சிறிது சிரித்துப் பார்ப்போம்.

முதலில் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். இன்று நாடு முழுவதற்கும் ஒரே மணி. இது 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி வந்த ஏற்பாடு. அதற்கு முன் ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. ஊர்கள் தத்தம் சூரியனின்படி நடந்தன. புதிய இந்திய நேரத்தை மற்றவர்கள் முணுமுணுத்தபடியே ஏற்றுக்கொண்டார்கள். கல்கத்தாவும் பம்பாயும் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. கல்கத்தாவின் மணி இந்திய நேரத்திற்கு 24 நிமிஷம் முந்தியது. பம்பாயின் மணி 39 நிமிஷம் பிந்தியது. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் மணியைக் கைவிடவில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ரயில் ஒன்பது மணிக்குப் புறப்படுகிறது. ரயில்வேயின் ஒன்பது இந்திய ஒன்பது. தம் ஊர் மணியை நம்பிச் சரியாக ஒன்பதுக்கு நிலையத்தில் நுழையும் கல்கத்தாக்காரர், அங்கே கடிகாரத்தில் 8.36 மட்டுமே ஆகியிருப்பதைக் காண்பார். நிம்மதியாக ஒரு கோப்பைத் தேநீர் அருந்தலாம். அதே நம்பிக்கையுடன் நுழையும் பம்பாய்க்காரருக்கோ மணி 9.39, தண்டவாளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆகையால், "எத்தனை மணிக்கு?" என்று கேட்பவர், "எந்த மணியின்படி?" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. திருமண அழைப்பிலும் கூட்ட அறிவிப்பிலும் இது சிறிய விஷயமா என்ன?

ஆனால் பம்பாயின் பிடிவாதத்தை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. அங்கே முதலில் எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களுள் ஆலைத் தொழிலாளரும் இருந்தனர். கடிகாரத்தை 39 நிமிஷம் முன்னே தள்ளிவிட்டால், அதே மணி அடிக்கும்போது சூரியன் 39 நிமிஷம் பின்தங்கி இருப்பான். ஆலைச் சங்கு ஊதும் நேரம் காகிதத்தில் மாறாது; இருட்டில் எழுந்து ஓட வேண்டிய கால்கள் மட்டும் மாறும். அந்தக் கால்கள் முதலாளியின் கால்கள் அல்ல. நாலு வரிச் செய்தியின் பின்னால் இப்படி ஒரு நியாயம் மறைந்து நிற்பதுண்டு.

அடுத்து நாணயம். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நயா பைசா பிறந்தது. ஏப்ரல் முதல் தேதி என்பதைக் கேட்டுப் பலர் இதை முதலில் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, காலணாவுக்கு 3 தம்பிடி. புதிய ஏற்பாட்டில் ரூபாய்க்கு 100 நயா பைசா. கணக்கு எளிதாகிவிட்டது என்று அரசாங்கம் மகிழ்ந்தது. எளிதானது பள்ளிக்கூடத்துக் கணக்கு. கடைத்தெருக் கணக்கு எளிதாகவில்லை.

ஏனெனில் பழைய நாணயமும் புதிய நாணயமும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவை எங்கே போய் வாங்குவது? அரைப் பைசாவும் அதற்குக் குறைந்ததும் விட்டுவிடலாம், அரைக்கு மேற்பட்டால் முழுப் பைசாவாகக் கொள்ளலாம் என்று விதி செய்தார்கள். அதன்படி ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25. ஓரணாப் பொருளைத் தனித்தனியாக நான்கு முறை வாங்கினால் 24 நயா பைசா. ஒரே முறையில் நான்கு அணாவுக்கு வாங்கினால் 25. அந்த ஒரு பைசாவுக்காகப் பஸ்ஸில் நடத்துநருக்கும் பிரயாணிக்கும் நடந்த வாக்குவாதங்களுக்கு அளவே இல்லை. அஞ்சல் துறையினர் அதே நாளில் வெளியிட்ட புதிய தலைகளுள் 13 நயா பைசாத் தலையும் ஒன்று. இரண்டணாவுக்கு அட்டவணை 12 என்றதே, 13 எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை குடியரசில் எல்லோருக்கும் உண்டு அல்லவா?

இந்தச் சண்டைகளைப் படித்து நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். காலணா என்பது ஒன்றரை நயா பைசாவுக்குச் சற்று மேல், சரியாகச் சொன்னால் 1.5625. விதிப்படி அது 2 ஆகிவிடும். வெற்றிலையோ தீப்பெட்டியோ, காலணாப் பொருளைப் புதுக்காசு கொடுத்து வாங்கினால் 2 நயா பைசா. ஒரு ரூபாயில் 64 காலணா. ஆகவே காலணா காலணாவாகவே வாங்கிப் பிழைத்த ஒருவருக்குப் பழைய ஒரு ரூபாய்ப் பொருள் 1 ரூபாய் 28 நயா பைசா ஆயிற்று. அதே பொருளை அணா அணாவாக வாங்கியவருக்கு 96 நயா பைசாதான். மொத்தமாக ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு இலாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை. பின்னத்தை எங்கேயாவது தள்ளியாக வேண்டும். தள்ளிய பின்னம் மிகச் சிறிய காசு வைத்திருந்தவரின் மடியில் போய் விழுந்தது. ஒரு பைசாவுக்காகச் சண்டையிட்டவர் அற்பர் அல்லர், கணக்கறிந்தவர் என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கியது.

நயா என்றால் புதியது என்று பொருள். 1964-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து அந்த அடைமொழியை அரசாங்கம் நீக்கிவிட்டது. புதியது இனிமேல் புதியதன்று என்பதற்கும் ஓர் அறிவிப்பு வேண்டியிருந்தது! அந்தப் பைசாக்களும் போய்விட்டன. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் மாத இறுதியோடு செல்லாதவை ஆயின. சண்டை மூட்டிய காசுகள் இன்று சேகரிப்பாளரின் பெட்டியில் அமைதியாக உறங்குகின்றன.

என் தொழில் மொழிபெயர்ப்பு. ஆகையால் எடைகளைப் பற்றிய செய்திகள் எனக்குத் தனிச் சுவை தருகின்றன. மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வந்தன. அதற்கு முன் வடநாட்டில் சேர் என்றால் 80 தோலா, ஏறக்குறைய 933 கிராம். சென்னை இராஜதானியில் சேர் என்றால் 24 தோலா, ஏறக்குறைய 280 கிராம். சொல் ஒன்றுதான், பண்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தில்லியில் ஒரு சேர் சர்க்கரையின் விலை இன்னது என்று வந்த செய்தியை ஒருவர் அப்படியே தமிழில் பெயர்த்துவிட்டால், சொல்லில் பிழை இல்லை. ஆனால் அதைப் படிக்கும் தஞ்சாவூர் இல்லத்தரசி, தில்லியில் சர்க்கரை இப்படித் தீ விலை விற்கிறதே என்று இரக்கப்படுவார். அகராதி சரியாக இருந்தும் செய்தி பொய்யாகிவிடும். என் மேசையில் ஏதேனும் ஒரு சொல் மிக எளிதாகப் பெயர்ந்து விழுந்தால், இந்தச் சேரை நினைத்துக்கொண்டு ஒருமுறை நிறுத்துப் பார்ப்பேன்.

எடையும் காசும் பூமியில் உள்ளவை. வானத்திலிருந்தும் ஊர்ச் செய்தி வந்ததுண்டு. 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன, உலகத்திற்குப் பேராபத்து என்று நாடெங்கும் பேச்சு. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆக ஏழு. எட்டாவது கேது. இந்த எட்டாவது ஆசாமிக்கு உடம்பே கிடையாது; சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு புள்ளிக்கு நாம் இட்ட பெயர் அது. எனினும் அச்சத்தில் அவர் பங்கு சிறிதும் குறையவில்லை. ஊர் ஊராக வேள்விகள் நடந்தன. பஜனைகள் இரவு பகலாக ஒலித்தன. பிரயாணத்தை ஒத்திவைத்தவர்களும் பலர். பிரதமர் நேரு இதைக் கேட்டு நகைத்தார்.

மூன்று நாட்களும் கழிந்தன. ஐந்தாம் தேதி ஒரு முழுச் சூரிய கிரகணம் உலகத்தின் வேறொரு பகுதியில் தோன்றி, விதிப்படியே விலகியது. பிற கிரகங்கள் ஒரே திசையில் தெரிவதால் மட்டும் பூமியின்மீது அவற்றின் இழுப்பு பெருகிவிடாது. கடலில் அலையேற்றத்தை உண்டாக்குபவை சந்திரனும் சூரியனுமே. அவை இரண்டும் ஒவ்வோர் அமாவாசைக்கும் கூடிக்கொண்டுதான் இருக்கின்றன. உலகம் முடிந்துவிடும் என்று அஞ்சிய நாட்டில், அதே மாதம் 19-ஆம் தேதி பொதுத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு தொடங்கியது. முடியப்போகும் உலகத்திற்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டவர்களும் நாமே, வேள்விக்கு நெய் வாங்கியவர்களும் நாமே. ஒரே வீட்டில் அண்ணன் வாக்குச் சீட்டையும், தம்பி விபூதியையும் தேடிக்கொண்டிருந்திருக்கலாம்; இருவரும் ஒரே ஆளாகவும் இருந்திருக்கலாம்.

பதினேழு ஆண்டுகள் கழித்து மறுபடியும் வானம் பயமுறுத்தியது. அமெரிக்கர் அனுப்பிய ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையம் கட்டுக்கடங்காமல் கீழே விழப்போகிறது என்ற செய்தி 1979-இல் பரவியது. யார் தலையில் விழும் என்பதே அந்நாட்களில் எங்கும் பேச்சு. ஜூலை 11-ஆம் தேதி அது இந்துமாக்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாய் விழுந்தது. எஸ்பெரன்ஸ் என்ற சிற்றூரின் உள்ளாட்சி மன்றம், ஊரில் குப்பை போட்ட குற்றத்திற்காக அமெரிக்க விண்வெளித் துறைக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. விளக்கில்லாத சைக்கிளுக்கு அபராதம் போடும் நம் ஊர்ச் செய்தியின் உடன்பிறப்பு இது. ஊராட்சிக்கு வல்லரசும் ஒன்றுதான், சைக்கிள்காரரும் ஒன்றுதான்.

நான் இப்பொழுது வானொலியில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆகையால் வானொலிச் செய்தியையும் விட்டுவிடலாகாது. முன்னாளில் வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். உரிமமின்றிப் பாட்டுக் கேட்பது குற்றம். 1980-களில் இந்த உரிமம் நீக்கப்பட்டது. எனவே என் பேச்சைக் கேட்பதற்காக எவரும் அபராதம் கட்ட வேண்டியதில்லை. கேட்பதே அபராதம் என்று எவரேனும் கருதினால் அது வேறு விஷயம்.

அதைப் போலவே தொலைபேசியும். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டு, சாப்பாட்டையும் தூக்கத்தையும் ஒத்திவைத்துக் காத்திருந்த காலம் உண்டு. 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, நடுவில் ஆள் இல்லாமல் நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி முதன்முதலாக வந்தது. பிறகு அது மெல்ல மெல்ல நாடெங்கும் பரவி, தெருமுனைதோறும் எஸ்.டி.டி. சாவடி முளைத்தது. செய்தி பரவ இனி நாளைய தாளுக்குக் காத்திருக்க வேண்டாம் என்ற நிலை உண்டாயிற்று. அதன் பலனை 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி நாடே கண்டது.

அன்று வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி விடியற்காலையில் தில்லியில் கிளம்பி, தொலைபேசி வழியே ஊர் ஊராகப் பாய்ந்தது. பிற்பகலுக்குள் கோயில்தோறும் வரிசை. கடல் கடந்த நாடுகளின் கோயில்களிலும் வரிசை. மத்திய அரசின் அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு கோயிலுக்குச் சென்று, பாலில் வண்ணம் கலந்து கரண்டியில் நீட்டிப் பார்த்தார்கள். வண்ணப் பால், பரப்பு இழுவிசையால் கரண்டியைவிட்டு விக்கிரகத்தின்மேல் மெல்லிய படலமாகப் பரவிக் கீழே வழிவது தெரிந்தது. வெறும் பால் வெண்கல்லின்மேல் வழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான் காரணம்.

இந்தச் செய்தியைப் பற்றி மட்டும் நான் பிறரைப் பார்த்துச் சிரிக்க இயலாது. அப்பொழுது நான் பள்ளி மாணவன். அன்று மாலை என் பாட்டி என் கையில் ஒரு கிண்ணம் பாலையும் வெள்ளிக் கரண்டியையும் கொடுத்தார். முழங்கால் வலியால் அவரால் வரிசையில் நிற்க முடியாது. "எனக்காக நீ போய்க் கொடுத்துவிட்டு வா, கண்ணா" என்றார். ஒன்றரை மணி நேரம் நின்றேன். என் முறை வந்தது. கரண்டியைத் துதிக்கையின் அருகே வைத்தேன், பால் குறைந்தது. நான் குனிந்து பார்த்தேன். பிள்ளையாரின் தொந்தியின்மேல் ஈரம் மின்னியது. பீடத்தின் அடியில் பால் குளமாய் நின்று, வடிகால் வழியே ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவே வெளியே வந்துவிட்டேன்.

வீட்டு வாசற்படியிலேயே பாட்டி உட்கார்ந்திருந்தார். "குடித்தாரா?" என்று கேட்டார்.

நான் பார்த்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். "குடித்தார், பாட்டி" என்றேன்.

பாட்டி இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, "என் பேரன் கையாலேயே வாங்கிக் குடித்தாராம்" என்றார். அந்த அம்மாள் உடனே எதிர்வீட்டிற்குச் சென்றார். என் ஒரு சொல் தெருக்கோடிவரை போனதை நான் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்துவதற்கு எனக்கு வாயெழவில்லை.

பழைய தாள்களில் கிரகங்களுக்கு அஞ்சியவர்களையும், வானத்தை அண்ணாந்து பார்த்தவர்களையும் காணும்போதெல்லாம் அந்த மாலைப்பொழுது என் நினைவுக்கு வருகிறது. வதந்தியைப் பரப்புகிறவர்கள் தீயவர்கள் என்றோ மூடர்கள் என்றோ எண்ணிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் பல வதந்திகள் அன்பினாலேயே ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்கு நடக்கின்றன. கேட்பவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைச் சொல்பவர் சொல்லிவிடுகிறார். இக்காலத்தில் கைப்பேசியில் ஒரு விரல் தட்டினால் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேரும் செய்திகளிலும், "உங்கள் நன்மைக்காகவே அனுப்புகிறேன்" என்ற வரி இல்லாதது அரிது. அனுப்புகிறவர் பெரும்பாலும் நம் சித்தப்பாவோ அத்தையோதான். அப்படி ஒன்று வரும்போது, வடிகாலில் பால் ஓடுகிறதா என்று குனிந்து பார்ப்பது நல்லது. பார்த்ததைச் சொல்வது அதனினும் நல்லது. அது அதனினும் கடினம் என்பதை நான் அனுபவத்தில் அறிவேன்.

பாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடைசிவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. அவர் காலணாவையும் நயா பைசாவையும் ஒருசேரக் கையாண்டு, கடைக்காரரிடம் ஒரு பைசாவையும் விட்டுக்கொடுக்காமல் குடும்பம் நடத்தியவர். ஏமாறக்கூடியவர் அல்லர். "எனக்குத் தெரியும், கண்ணா. உனக்குக் கால் வலித்ததா?" என்று கேட்டிருந்தாலும் கேட்டிருப்பார்.

பெட்டியின் அடியில் கிடைத்த தாளை நான் எறியவில்லை. மடித்து அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் விட்டுப்போன குடையின் கதி என்ன ஆயிற்று என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. அந்த ஊர், அந்த நாள், அந்த மழை எல்லாம் போய்விட்டன. யாரோ ஒருவர் நனைந்துகொண்டே வீட்டிற்கு நடந்து போனார் என்ற ஒரு செய்தி மட்டும் நாலு வரியில் எஞ்சியிருக்கிறது. வரலாற்று நூல் எழுதுகிறவர்களுக்கு அவருக்கு இடம் கொடுக்க நேரம் இராது. நாமாவது அவரைச் சிறிது நேரம் நினைத்துக்கொள்ளலாம்.